நாற்பத்தொன்றாவது வீடு

தெருவில் அவரைச் சிவப்புக்கொடி என்றுதான் சொல்வார்கள். முகத்துக்கு நேரே சொல்ல மாட்டார்கள். அவர் நாலடி தாண்டும்வரை பொறுத்திருந்து, காதில் விழுகிற மாதிரி சொல்வார்கள். அவருக்குக் கிடைத்த மரியாதை அவ்வளவுதான்.

ஏரிக்கரையில் மூன்று இடத்தில் தண்ணீர் எடுத்துப் பரிசோதனைக்குக் கொடுத்து, முடிவு வந்ததும் அந்தந்த இடத்தில் கொடி ஏற்றுவது அவர் வேலை. பச்சை ஏறினால் படகு விடலாம், கை கால் நனைக்கலாம். சிவப்பு ஏறினால் கரையில் நின்று பார்த்துக்கொள்ளலாம். பார்ப்பதற்கு இன்னும் யாரும் தடை போடவில்லை. பதினோரு வருஷமாக அவர் ஏற்றிய சிவப்புத் துணியை எல்லாம் சேர்த்துத் தைத்தால் ஊருக்கே பந்தல் போடலாம் என்று டீக்கடையில் ஒரு கணக்கு உண்டு.

ஏரிக்குத் தண்ணீர் கொண்டுவருகிற ஆறு ஒரு காலத்தில் சாயப்பட்டறைகளுக்கு எடுபிடி வேலை பார்த்தது. ஒரு நாள் நீலமாக வரும், ஒரு நாள் ரோஜா நிறத்தில் வரும். இந்த வருஷம் கடையில் என்ன நிறம் ஓடும் என்று ஆற்றைப் பார்த்தே ஜவுளிக்காரர்கள் தெரிந்துகொண்டார்கள். அது போதாதென்று ஊர்ச் சாக்கடையும் கூடச் சேர்ந்தது. ஏரி நுரை கக்கியது. காற்றடித்தால் அந்த நுரை பறந்து வந்து மாடியில் காயும் துணியில் உட்கார்ந்தது. பிறகுதான் எல்லோருக்கும் ரோஷம் வந்தது. பட்டறைகளுக்குப் பூட்டு விழுந்தது. ஏரியைச் சுற்றிப் பாதாளச் சாக்கடைக் குழாய் பதித்தார்கள், அடிச்சேற்றை அள்ளினார்கள், ஆறு வந்து சேருகிற முகத்தில் நாணல் நட்டார்கள். குழாய் பதிக்கிற வேலைக்கு வந்தவர்தான் இவர். தெருவிலேயே முதல் இணைப்பைத் தன் வீட்டுக்குக் கொடுத்து, பக்கத்தில் நின்று படம் பிடித்து, அதை அலுவலகச் சுவரில் ஒட்டவும் செய்தார். அந்தப் படத்தில் மனைவியும் இருக்கிறாள். பாதி முகம்தான் விழுந்திருக்கிறது; குழாய் முழுசாக விழுந்திருக்கிறது.

செவ்வாய்க்கிழமை தண்ணீர் எடுக்கும் நாள். ஐந்து மணிக்கு எழுவார். ஐந்தரைக்குக் கீழ்க் கழிப்பறையில் காலைக்கடன். ஆறு மணிக்குத் தொடை வரைக்கும் ஏறுகிற ரப்பர் பூட்ஸ், முழங்கை வரை கையுறை, ஐஸ் பெட்டி, அதில் மூன்று பாட்டில். பாட்டிலின் அடியில் சிட்டிகை வெள்ளைத்தூள் இருக்கும், அதைக் கழுவிவிடக்கூடாது. முழங்கால் ஆழத்தில் இறங்கி, தான் கலக்கிய சேறு படியும்வரை மரம் மாதிரி நிற்பார். பிறகு கையை நீட்டி, பாட்டிலைத் தலைகீழாக முக்கி, தண்ணீருக்குள்ளேயே நிமிர்த்துவார். மூடி போட்டதும் ஒரு வெப்பமானியை விட்டு எத்தனை டிகிரி என்று எழுதிக்கொள்வார். பெட்டி லேபுக்குப் போகும். கிருமியை வளர்த்து எண்ணுவதற்கு ஒரு முழு நாள் ஆகும். ஆக, புதன்கிழமை பறக்கிற கொடி செவ்வாய்க்கிழமைத் தண்ணீரைப் பற்றிச் சொல்வது. அவர் வீட்டிலும் ஒரு காலத்தில் பேச்சு அப்படித்தான் நடந்தது. மனைவி இன்று கேட்டால் இவர் நாளைக்குப் பதில் சொல்வார், அதுவும் இரண்டாம் தடவை கேட்டால்.

அந்த மனைவி பத்து நாளைக்கு என்று சொல்லிவிட்டு வெளியூரில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போய் நாலு வருஷம் ஆகிறது. ஏன் வரவில்லை என்பதற்குத் தெருவில் ஏழெட்டுக் காரணம் வைத்திருந்தார்கள். அவருக்கு ஏரி முதல் சம்சாரம், இவள் இரண்டாம் தாரம் என்றார்கள். அவர் மேல் அடிக்கிற சேற்று வாடை தாங்காமல் போனாள் என்றார்கள். உண்மைக் காரணம் அவள் முழங்கால். தண்ணீருக்குள் இடுப்பளவில் தினமும் நடந்தால்தான் முழங்கால் கேட்கும் என்று வைத்தியர் சொல்லியிருந்தார். மகள் ஊரில் பொது நீச்சல்குளம் இருக்கிறது. இங்கே ஏரி இருக்கிறது, ஆனால் கொடி சிவப்பு. கிளம்புகிற அன்று வாசலில் செருப்பை மாற்றிக்கொண்டே அவள் சொன்னாள்: "அந்தத் தண்ணியில நான் கால் வைக்கலாம்னு நீங்க பலகை வைங்க. மறுநாளே வண்டி ஏறுறேன்."

சிரித்துக்கொண்டு சொன்னாளா, கோபமாகச் சொன்னாளா என்று அவர் கவனிக்கவில்லை. அன்றைக்கு அவர் கையில் மூன்றாம் இடத்து முடிவு இருந்தது. நாலு வருஷமாக அந்த ஒரு வரியைப் பலவிதமான குரலில் மனசுக்குள் சொல்லிப் பார்த்துவிட்டார்.

மூன்றாம் இடம் என்பது அவர் தெரு முடிகிற கரை. ஏரி முழுக்கத் தேடினாலும் அந்த ஒரு இடத்தில்தான் தரை சரிவாக, மெதுவாக இறங்கும். முழங்கால் வலிக்காரியும் பிடிமானம் இல்லாமல் நடந்து போகலாம். பலகை வைக்க விதி இதுதான்: எட்டு செவ்வாய் தொடர்ந்து பச்சை வரவேண்டும். நடுவில் ஒரு சிவப்பு வந்தால் மறுபடி ஒன்றிலிருந்து எண்ணவேண்டும். முதல் இடமும் இரண்டாம் இடமும் எட்டையும் தாண்டி எங்கோ போய்விட்டன. மூன்றாம் இடம் மட்டும் அடம்பிடித்தது. காற்று ஏரிப்பக்கம் அடித்தால் பச்சை, கரைப்பக்கம் திரும்பினால் சிவப்பு. மூன்றுக்கு மேல் ஒருமுறைகூடப் போகவில்லை.

இதனால் கெட்டது அடுத்த வீட்டுப் படகுக்காரர் பிழைப்பு. ஏழு மிதி படகு வாங்கி அன்னப்பறவை மாதிரி கழுத்து வைத்து வண்ணம் அடித்து வைத்திருந்தார். ஏழும் கரையில் குப்புறக் கிடந்தன. கழுத்துகள் மண்ணில் குத்தி, எதையோ தொலைத்துவிட்டுத் தேடுகிற மாதிரி இருந்தன. முன்பெல்லாம் அவர் இவரை "அண்ணே" என்றுதான் கூப்பிடுவார். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு சிவப்பு வாரத்தில் "சார்" ஆக்கிவிட்டார். சண்டை ஒன்றும் போடவில்லை. அந்த "சார்" ஒன்றே போதுமானதாக இருந்தது. அதற்கப்புறம் இவரோடு முகம் பார்த்துப் பேச அந்தத் தெருவில் யாரும் மிச்சமில்லை.

போன வருஷக் கடைசியில் இவர் மூன்று வாரம் விடுப்பு எடுத்து மகள் வீட்டுக்குப் போனார். கூடத்து சோபாவில் படுத்தார். மனைவி நீச்சல்குளத்துக்குப் போய் வந்து தலையைத் துவட்டிக்கொண்டே, "ஏரி எப்படி இருக்கு?" என்று கேட்பாள். இவர் எண்களைச் சொல்வார். அவள் துண்டைக் காயப்போடப் போய்விடுவாள். அந்த மூன்று வாரமும் ஊரில் வேறொரு ஊழியர் தண்ணீர் எடுத்தார். மூன்று செவ்வாயும் பச்சை, காற்று எந்தப் பக்கம் அடித்தாலும் பச்சை. இவர் திரும்பி வந்த முதல் செவ்வாய் சிவப்பு.

டீக்கடையில் ஒரு வாரத்துக்குப் பேச இது போதாதா.

"ஏரிக்கு ஒண்ணுமில்லப்பா. ஆளு ஊர்ல இல்லைன்னா அதுபாட்டுக்குச் சுத்தமாத்தான் இருக்கு."

"ராசி. சில பேரு இறங்கினா தண்ணியே பயந்துடும்."

இவர் அந்த ஊழியரைக் கூப்பிட்டு, "தண்ணி எங்கேர்ந்து எடுத்தே? ஆபீஸ் குழாயிலயா?" என்று கேட்டார். அந்த ஆள் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனவர்தான். அவரும் பேச்சை நிறுத்திக்கொண்டார்.

இவருக்கு மேலே இருந்த பொறியாளர் கெட்ட மனுஷர் இல்லை. ஆனால் அவருக்கும் மேலே ஆள் இருந்தார்கள். "மாசக் கடைசிக்குள்ள காரணம் தெரியலேன்னா மூணாம் இடத்துக்கு வேலி போட்டுடலாம். நீச்சல் வடகரையில மட்டும் இருக்கட்டும்," என்றார். வடகரை நாலு கிலோமீட்டர் தூரம். அங்கே கரை செங்குத்து. இரும்பு ஏணியில்தான் இறங்கவேண்டும். இவர் ஏணியின் படிகளை மனசுக்குள் எண்ணினார். பதினான்கு. முழங்காலுக்குப் பதினான்கு என்றால் வடகரையும் வேற்றூரும் ஒன்றுதான்.

அதனால் சாயப் பரிசோதனை செய்யக் கிளம்பினார். தெருவின் மழைத்தண்ணீர்க் கால்வாய் மூன்றாம் இடத்துக்குப் பக்கத்தில்தான் ஏரியில் திறக்கிறது. அதில் மழைத்தண்ணீர் மட்டும்தான் வரவேண்டும். எந்த வீட்டுக் கழிவாவது தவறுதலாக அதில் சேர்ந்திருந்தால், அந்த வீட்டுக் கழிப்பறையில் பச்சைச் சாயத்தை ஊற்றித் தண்ணீர் விட்டால் கால்வாய் வாயில் பச்சையாக வரும். கெடுதல் இல்லாத சாயம். இதற்கு இரண்டு ஆள் வேண்டும். வீட்டுக்காரர் உள்ளே ஊற்றவேண்டும். இவர் கால்வாய் வாயில் நின்று பார்க்கவேண்டும். வந்த சாயம் ஏரியில் கலந்து கரைய இரண்டு நிமிஷம்கூட ஆகாது. இமைத்தால் போயிற்று.

தெருவில் நாற்பத்தொரு வீடு. வீடு வீடாகச் சாயப் பொட்டலம் கொடுத்தார்.

"நாலு வருஷமா பொண்டாட்டி எங்கன்னு கண்டுபிடிக்கல, எங்க வீட்டு கக்கூஸ் எங்க போகுதுன்னு கண்டுபிடிக்க வந்துட்டாரு," என்று ஒரு அம்மாள் கதவுக்குப் பின்னால் நின்று சொன்னாள். சொன்னபடியே ஊற்றவும் செய்தாள். படகுக்காரர் வீட்டில் அவர் பொட்டலத்தை இரண்டு விரலால் வாங்கி, "ஊத்துறேன் சார்," என்றார். அங்கேயும் எதுவும் வரவில்லை. மூன்று வாரத்தில் நாற்பது வீடு முடிந்தது. நாற்பதிலும் குற்றம் இல்லை.

படிவத்தில் மூன்று கட்டங்கள்: வீட்டு எண், ஊற்றியவர், முடிவு. நாற்பத்தொன்றாவது வரியில் அவர் கையெழுத்திலேயே இப்படி இருந்தது: 'ஆள் இல்லை. பிறகு.'

அது அவர் வீடு. அவர் கால்வாய் வாயில் நின்றால் உள்ளே ஊற்ற ஆள் இல்லை. உள்ளே ஊற்றினால் வாயில் நிற்க ஆள் இல்லை. முதலில் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. தெருவின் முதல் இணைப்பு அவர் வீடு. படம் சுவரில் இருக்கிறது. ஆனால் மாசக் கடைசிக்கு நாலு நாள் இருந்தது. வேறு வீடும் மிச்சமில்லை.

சனிக்கிழமை சாயங்காலம் மாடிக் கழிப்பறையில் சாயத்தை ஊற்றி, தண்ணீரைத் திறந்துவிட்டு, ஓடினார். ஐம்பத்தாறு வயசில், தொடை பூட்ஸோடு, முந்நூறு அடி. போய்ச் சேர்ந்தபோது கால்வாய் வாயில் தெளிந்த தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. இன்னும் வரவில்லையா, வந்து போய்விட்டதா? நின்று பார்த்தார். ஒன்றும் தெரியவில்லை. திரும்ப நடந்து போய்க் கீழ்க் கழிப்பறையில் ஊற்றிவிட்டு மறுபடி ஓடினார். இந்தத் தடவை வழியில் ஒரு பூட்ஸ் கழன்றது.

படகுக்காரர் குப்புறக் கிடந்த அன்னத்தின் முதுகில் உட்கார்ந்து இதை எல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கும் வேறு வேலை இல்லை.

"யாரு சார் துரத்துறாங்க?"

இவர் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார். பேச்சு வருவதற்கு நேரம் பிடித்தது. மூச்சு மட்டும் காரணம் இல்லை.

"ஒரு உதவி வேணும்."

"எனக்கு நீச்சல் தெரியாது சார்."

"எங்க வீட்டுக்குள்ள போகணும். பொட்டலம் மேடை மேல இருக்கு. நான் போன்ல சொல்லும்போது ஊத்தித் தண்ணி விடணும்."

படகுக்காரர் அன்னத்தை விட்டு இறங்கவில்லை. "நாலு வருஷமா ஒரு டீ குடிக்கக் கூப்பிடல. இப்பக் கூப்பிடுற இடத்தைப் பாரு," என்றார். பிறகு கையை நீட்டினார். இவர் சாவியைக் கொடுத்தார். அந்தச் சாவியை வேறொரு ஆளிடம் கொடுப்பது அதுதான் முதல் தடவை.

கால்வாய் வாயில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். போன் அடித்தது.

"உள்ள வந்துட்டேன் சார். எந்தப் பக்கம்?"

"முதல்ல மாடி."

மாடிக்குழாய் ஒழுங்கு. ஐந்து நிமிஷம், பத்து நிமிஷம், ஒரு சொட்டுப் பச்சை இல்லை. இவர் நெஞ்சு கொஞ்சம் நிமிர்ந்தது.

"கீழ ஒண்ணு இருக்கே, சுவத்துல ரெண்டு பக்கமும் கைப்பிடி வச்சு. அதுலயுமா?"

"ஆமா."

அந்த அறையை மனைவியின் முழங்காலுக்காகக் கட்டினார், ஆறு வருஷத்துக்கு முன்னால். மாடி ஏற முடியவில்லை என்றாள். மேஸ்திரியைக் கூட்டிவந்து பத்தே நாளில் முடித்தார். கமோட், கைப்பிடி, வழுக்காத தரை. அவளுக்காக அவர் செய்த ஒரு காரியத்தைச் சொல்லுங்கள் என்றால் அதைத்தான் காட்டவேண்டும்.

"ஊத்திட்டேன். தண்ணி விட்டாச்சு. இன்னொரு தடவை விடவா?"

"விடுங்க."

"அண்ணி செருப்பு இன்னும் வாசல்லயே இருக்கே," என்றது போன்.

கால்வாய் வாயின் உதட்டில் முதலில் ஒரு நூல் மாதிரி வந்தது. பிறகு கயிறு மாதிரி. பிறகு தளிர் இலை நிறத்தில், பளபளவென்று, கூச்சமே இல்லாமல் கொட்டி ஏரியில் விரிந்தது. காற்று கரைப்பக்கம்தான் அடித்தது. அவர் செவ்வாய்தோறும் நிற்கிற இடத்துக்கு அது நேரே போய், அவர் முழங்கால் இருக்கவேண்டிய இடத்தைச் சுற்றிக்கொண்டது.

"வருதா?"

அவர் அந்தப் பச்சை போகிற வழியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன சார், வருதா இல்லையா?"

"வருது."

போனில் குழாயை மூடுகிற சத்தம் கேட்டது.

"அண்ணே," என்றார் படகுக்காரர். "அப்ப நீங்க ஊர்ல இல்லாதப்ப பச்சை வந்தது..."

"ஆமா."

"காலையில எத்தனை மணிக்குப் போவீங்க?"

"அஞ்சரை."

"எத்தனை மணிக்குத் தண்ணி எடுப்பீங்க?"

"ஆறேகால்."

மறுமுனையில் ஒரு பெருமூச்சு மாதிரி ஆரம்பித்தது, பாதியில் சிரிப்பாக மாறியது, அதை அடக்கப் பார்த்து இருமலாக முடிந்தது. ஊர்ச் சாக்கடை முழுக்க ஏரியில் விழுந்த நாளில் இந்த ஒரு குழாயை யாரால் கண்டுபிடித்திருக்க முடியும்? மற்றது எல்லாம் நின்ற பிறகுதான் இது தனியாகத் தெரிந்தது. பெரிய சந்தடி ஓய்ந்த வீட்டில் கடிகாரச் சத்தம் கேட்கிற மாதிரி.

படகுக்காரர் இதை ஒரே ஒரு ஆளிடம்தான் சொன்னார். அந்த ஆள் படகுக்காரரின் மனைவி. அதற்கு மேல் அவர் யாரிடமும் சொல்லத் தேவைப்படவில்லை.

திங்கட்கிழமை மேஸ்திரி வந்து தரையை உடைத்தார். பழைய மேஸ்திரி இல்லை. அவர் எப்போதோ ஊரை விட்டுப் போய்விட்டார். மழைத்தண்ணீர்க் குழாய் பக்கத்திலேயே இருந்ததால் அவர் கழிப்பறைக் குழாயை அதில் செருகியிருந்தார். சாக்கடைக் குழாய்க்குச் சுவரைச் சுற்றிப் போயிருக்கவேண்டும். பொறியாளர் படிவத்தைப் பார்த்தார், வீட்டு எண்ணைப் பார்த்தார், சுவரில் இருந்த படத்தைப் பார்த்தார். "எட்டு வாரம் பாக்கலாம்," என்று மட்டும் சொன்னார். படத்தைக் கழற்றவில்லை. அது இன்னும் மோசம்.

அந்த எட்டு வாரமும் தெரு அவரோடு பேசியது. "என்னண்ணே, இன்னைக்குக் காலையில போயாச்சா?" என்று கேட்காத ஆள் இல்லை. டீக்கடைக்காரர் கிளாஸை நீட்டும்போதே, "குடிங்க, இதுக்கு நாங்க குழாய் மாத்திப் போட்டுட்டோம்," என்பார். கதவுக்குப் பின்னால் நின்ற அம்மாள் இப்போது வாசலுக்கே வந்து நின்று கேட்டாள். அவருக்குக் கோபம் வரவில்லை. அவருக்கே அது ஆச்சரியமாக இருந்தது. வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்தினால் மட்டும் பழையபடி ஒற்றைத் தட்டு, ஒற்றை டம்ளர். கேலி வாசல் வரைக்கும்தான் வந்தது.

ஒன்று, இரண்டு, மூன்று. நாலாவது செவ்வாய் காற்று கரைப்பக்கம் அடித்தும் பச்சை. ஐந்து, ஆறு, ஏழு. மனைவிக்கு அவர் எதுவும் சொல்லவில்லை. எட்டும் முடியட்டும் என்று இருந்தார்.

எட்டாவது புதன்கிழமை மத்தியானம் மூன்றாம் இடத்தில் பலகை வைத்தார்கள். 'இங்கே குளிக்கலாம், நீந்தலாம்.' படகுக்காரர் அன்னங்களை நிமிர்த்திக் கழுத்து மண்ணைக் கழுவிக்கொண்டிருந்தார். பலகை வைக்கிற அன்றைக்கும் ஒருமுறை தண்ணீர் எடுக்கவேண்டும்; அதற்காகப் பூட்ஸும் கையுறையுமாக இறங்கிய இவர் தண்ணீரில் நின்றபடியே போன் செய்தார்.

"பலகை வச்சாச்சு," என்றார்.

"எந்த இடத்துல?" என்றாள் அவள்.

"மூணாம் இடத்துல. நம்ம தெருவுல." பிறகு எல்லாவற்றையும் சொன்னார். கீழ்க் கழிப்பறை, பச்சைச் சாயம், படகுக்காரர், மேஸ்திரி. அவள் சிரிப்பாள் என்று எதிர்பார்த்தார். ஒரு சிரிப்பு வந்தால் மற்றதைக் கேட்டுவிடலாம் என்று இருந்தார்.

"அது எனக்குத் தெரியுமே," என்றாள்.

"என்ன தெரியும்?"

"மழைத்தண்ணிக் குழாயிலதான் சேத்திருக்கேன், பரவாயில்லையாம்மான்னு மேஸ்திரி அன்னைக்கே என்கிட்ட கேட்டான். நான் உங்ககிட்ட சொன்னேன். ரெண்டு தடவை சொன்னேன். ஒரு தடவை சாப்பிடும்போது, ஒரு தடவை நீங்க கணக்கு எழுதிட்டு இருக்கும்போது. ம்ம்னு சொன்னீங்க. நீங்க பாத்துப்பீங்கன்னு நெனச்சேன்."

படகு ஒன்று தண்ணீரில் இறங்கியது. அலை வந்து அவர் பூட்ஸில் தட்டியது. அந்தச் சாப்பாட்டை நினைத்துப் பார்த்தார், அந்த ராத்திரியை நினைத்துப் பார்த்தார். எதுவும் ஞாபகம் வரவில்லை. ஆறு வருஷத்தில் ஒரு 'ம்ம்' எங்கே போய்க் கிடக்கும்?

"இருக்கீங்களா?"

"இருக்கேன்."

"தண்ணி எப்படி இருக்கு?"

"இருபத்து மூணு டிகிரி."

"நான் அதைக் கேக்கல."

அவருக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும், "இரு," என்றார். போனைக் கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு வலது கையுறையை இழுத்தார். பதினோரு வருஷமாக முழங்கை வரை மாட்டிய கையுறை, லேசில் வரவில்லை. குனிந்து கையைத் தண்ணீருக்குள் விட்டார். விரல்களை விரித்தார், மூடினார்.

"மேல வெதுவெதுன்னு இருக்கு. அடியில சில்லுனு இருக்கு. மெத்துன்னு இருக்கு. வழவழப்பு ஒண்ணும் இல்ல."

அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். மூச்சு கேட்டது. பின்னால் எங்கோ பேரப்பிள்ளை எதையோ உருட்டுகிற சத்தம்.

"நீ அன்னைக்குச் சொன்னியே, வண்டி ஏறுறதைப் பத்தி..."

"நாளைக்குச் சொல்றேன்," என்றாள். போனை வைத்துவிட்டாள்.

படகுக்காரர் அன்னத்தை இடுப்பளவுத் தண்ணீருக்குத் தள்ளிக்கொண்டு வந்தார். "அண்ணி என்ன சொன்னாங்க அண்ணே?"

"நாளைக்குத்தான் தெரியும்."

"அப்ப இன்னைக்கு உங்க வீட்டுக்கு என்ன கொடி?"

அவர் கரையேறினார். ஐஸ் பெட்டியை இடது கையில் எடுத்துக்கொண்டார். வலது கையிலிருந்து தண்ணீர் சொட்டியது. துடைத்துக்கொள்ளாமல், எதிலும் படாதபடி சற்றுத் தள்ளிப் பிடித்துக்கொண்டு, தெருவில் வீடு பார்த்து நடந்தார்.